தூக்கு மேடைக்குக் குறுக்கே நிற்கும் கருணை!

"கொலைகாரனையும் கொல்லாதீர்கள்" என்று மதப் பெரியவர்கள் கேட்பது ஏன்?

கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், சூளகிரிக்கு முன்பாக இருக்கிறது குந்தாரப்பள்ளி.

வெள்ளிக்கிழமை தோறும் அங்கே சந்தை கூடும். ஆட்டுச் சந்தைக்குப் பெயர் பெற்ற ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று பல பாஷைகள் காதில் விழும். நெற்றியில் விபூதி பூசியவரும் வருவார். தொப்பி அணிந்தவரும் வருவார். கழுத்தில் சிலுவை போட்டவரும் வருவார்.

அந்தக் கூட்டத்தில் ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்கள். "கொலை செய்தவனைத் தூக்கில் போடலாமா?"

"போடத்தான் வேண்டும்! பெற்ற வயிறு எரியாதா?" என்று ஒருவர் சொல்வார்.

"உயிரைக் கொடுத்தவன் ஆண்டவன். அதை எடுக்க நமக்கு என்ன அதிகாரம்?" என்று இன்னொருவர் கேட்பார்.

இரண்டும் நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் ஒரு கயிற்றில் இரண்டு முடிவு இருக்க முடியாது. எது சரி?

இந்தக் கேள்வி குந்தாரப்பள்ளிக்குத் தூரத்துக் கேள்வி அல்ல. அங்கிருந்து எந்தத் திசையில் போனாலும் ஒரு தூக்கு வழக்கு குறுக்கிடும்.

பஸ்சில் எரிந்த மாணவிகள்

தெற்கே போனால் தர்மபுரி.

2000-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி. கொடைக்கானல் ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குக் கோர்ட்டு தண்டனை விதித்த நாள். அவருடைய கட்சிக்காரர்கள் பல ஊர்களில் மறியல் செய்தார்கள்.

அன்று கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவிகள் சுற்றுலா முடித்து பஸ்சில் திரும்பிக் கொண்டிருந்தார்கள். தர்மபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் அந்த பஸ்சுக்குத் தீ வைக்கப்பட்டது. 3 மாணவிகள் உயிரோடு எரிந்து கருகினார்கள்.

அவர்கள் செய்த குற்றம் என்ன? ஒன்றும் இல்லை. படிக்கப் போன பெண்கள். நாடே கண்ணீர் விட்டது.

2007-ம் ஆண்டு சேலம் கோர்ட்டு 3 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஐகோர்ட்டு அதை உறுதி செய்தது. 2010 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது.

ஆனால் கயிறு இறுகவில்லை. 2016 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு வழக்கை மறுபடி பார்த்தது. கூட்ட வெறியில் நடந்த காரியம், அந்தப் பெண்களைக் கொல்ல வேண்டும் என்று முன்கூட்டித் திட்டம் போட்டது இல்லை என்று கருதி, ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அந்த 3 பேரும் விடுதலை ஆனார்கள்.

"விடுதலையா!" என்று பலர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பில் நியாயம் உண்டு. கருணையைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் அந்த 3 வீடுகளை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பாலாறு குண்டு வெடிப்பு

தென்மேற்கே காட்டு வழி போனால், மேட்டூருக்கு மேலே, மாதேஸ்வரன் மலைப் பக்கம் பாலாறு.

1993 ஏப்ரல் 9-ந் தேதி, வீரப்பனைத் தேடிப் போன அதிரடிப் படையினரின் வண்டிகள் அங்கே கண்ணி வெடியில் சிக்கின. போலீசாரும் வனக் காவலர்களும் உடன் சென்றவர்களுமாக 22 பேர் பலியானார்கள்.

இந்த வழக்கில் சைமன், ஞானப்பிரகாசம், மாதையன், பிலவேந்திரன் ஆகிய 4 பேருக்கு 2001-ல் மைசூர் தடா கோர்ட்டு ஆயுள் தண்டனை கொடுத்தது.

அவர்கள் மேல்முறையீடு செய்தார்கள். குறைப்பார்கள் என்று நம்பிப் போனவர்களுக்கு அங்கே இடி விழுந்தது. 2004 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு ஆயுள் தண்டனையைத் தூக்குத் தண்டனையாக உயர்த்தியது!

ஜனாதிபதிக்குக் கருணை மனு போட்டார்கள். பதில் வர எத்தனை நாள் ஆயிற்று தெரியுமா? 9 ஆண்டுகள்! 2013 பிப்ரவரியில் மனு தள்ளுபடி ஆயிற்று. அவர்கள் பெல்காம் சிறையில் இருந்தார்கள். அந்த 9 ஆண்டுகளும் காலையில் கண் விழிக்கும்போது, "இன்றோ, நாளையோ?" என்ற கேள்வியோடுதான் விழித்திருப்பார்கள்.

கடைசி நேரத்தில் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2014 ஜனவரி 21-ந் தேதி தலைமை நீதிபதி சதாசிவம் தலைமையில் 3 நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். "கருணை மனுவைக் காரணம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் தாமதிப்பது கைதியைச் சித்திரவதை செய்வது போலாகும்" என்பது தீர்ப்பின் சாரம். பாலாறு வழக்கின் 4 பேர் உள்பட 15 பேர் அன்று தூக்கில் இருந்து தப்பினார்கள்.

நீதிபதி சதாசிவம் எந்த ஊர்க்காரர்? பவானி அருகே உள்ள காடப்பநல்லூர். காவிரிக் கரை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை.

26 பேருக்குத் தூக்கு!

கிழக்கே போனால் வேலூர் ஜெயில். ராஜீவ் காந்தி கொலை வழக்குக் கைதிகள் பல காலம் இருந்த இடம்.

அந்த வழக்கில் 1998 ஜனவரியில் பூந்தமல்லி தனிக் கோர்ட்டு 26 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. ஒருவர் பாக்கி இல்லை. அத்தனை பேருக்கும் தூக்கு!

1999 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொன்னது? 19 பேரைக் கொலைக் குற்றத்தில் இருந்து விடுவித்தது. 3 பேருக்கு ஆயுள். 4 பேருக்குத்தான் தூக்கு.

சற்று யோசித்துப் பாருங்கள். மேல் கோர்ட்டு என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த 19 பேரின் கதி என்ன?

ஜெயிலில் போட்டவனைத் திறந்து விடலாம். தூக்கில் போட்டவனை எழுப்ப முடியுமா? கோவலனை விசாரிக்காமல் வெட்டிய பாண்டிய மன்னன், உண்மை தெரிந்ததும் தன் உயிரை விட்டான். மன்னன் உயிர் போயிற்று. கோவலன் உயிர் திரும்பி வந்ததா? சிலப்பதிகாரம் நமக்குச் சொல்லி வைத்த பாடம் அது. அதை எழுதிய இளங்கோ அடிகள் ஒரு துறவி என்பதையும் மறக்க வேண்டாம்.

மதங்கள் சொல்வது என்ன?

எல்லா மதங்களும் ஆதியில் இருந்தே தூக்குத் தண்டனையை எதிர்த்தன என்று சொன்னால் அது பொய். கொடியவர்களை ஒறுப்பது அரசனின் கடமை என்று நம் பழைய நூல்கள் பேசுகின்றன. திருவள்ளுவரும் அதை ஒப்புக் கொள்கிறார்.

கிறிஸ்தவ நாடுகள் பல நூறு ஆண்டுகள் தூக்கிலும் நெருப்பிலும் மனிதர்களைக் கொன்றன. போப் ஆண்டவர் ரோம் நகரை ஆண்ட காலத்தில் அவருக்கே ஒரு கொலையாள் இருந்தான். மாஸ்ட்ரோ டிட்டா என்று அவனுக்குப் பெயர். 1796 முதல் 1864 வரை 516 பேரின் உயிரைத் தண்டனையாக எடுத்தான்!

அதே ரோமாபுரியில் இருந்து இப்போது வேறு குரல் வருகிறது. வாடிகன் நகரம் 1969-ல் தன் சட்டத்தில் இருந்து மரண தண்டனையை நீக்கியது. 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் கத்தோலிக்கத் திருச்சபையின் ஞானோபதேச நூலையே திருத்தினார். "எந்தக் குற்றத்துக்கும் மரண தண்டனையை ஏற்க முடியாது, உலகம் முழுவதும் அதை ஒழிக்கத் திருச்சபை பாடுபடும்" என்பது அந்தத் திருத்தத்தின் கருத்து.

விபசாரக் குற்றம் சுமத்தப்பட்ட பெண்ணைக் கல்லால் எறிந்து கொல்ல நின்ற கூட்டத்தை இயேசுநாதர் தடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை சட்டமாக மாற 2,000 ஆண்டுகள் ஆயின!

சமணமும் பௌத்தமும் கொல்லாமையை முதல் விரதமாக வைத்தவை. பௌத்தர்கள் மிகுந்த இலங்கையில் தூக்குத் தண்டனை சட்டத்தில் இருந்தும், 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. 2019-ல் ஜனாதிபதி சிறிசேனா 4 பேரைத் தூக்கில் போடக் கையெழுத்திட்டார். அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு தடுத்து நிறுத்தியது.

இஸ்லாத்தில் கொலைக்குப் பழி என்ற தண்டனை உண்டு. ஆனால் அதற்குப் பக்கத்திலேயே ஒரு கதவும் உண்டு. கொல்லப்பட்டவரின் வாரிசுகள் மன்னிக்கலாம். நஷ்ட ஈடு வாங்கிக் கொண்டும் மன்னிக்கலாம். மன்னிப்பதே மேல் என்று மார்க்கம் சொல்கிறது.

கேரளத்தில் இருந்து ஒரு தூது

அந்தக் கதவைத் தட்டினார் கேரளத்து முஸ்லிம் பெரியவர் ஒருவர்.

பாலக்காட்டு நர்சு நிமிஷா பிரியா. ஏமன் நாட்டில் வேலை பார்த்த கிறிஸ்தவப் பெண். 2017-ல் அந்த நாட்டுக்காரர் ஒருவரைக் கொன்றதாக வழக்கு. மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2025 ஜூலை 16-ந் தேதி தண்டனையை நிறைவேற்ற நாள் குறித்தார்கள்.

ஏமனின் அந்தப் பகுதியில் நம் நாட்டுத் தூதர் அலுவலகம் இல்லை. சர்க்கார் கை எட்டாத இடம். அப்போது 90 வயதைத் தாண்டிய காந்தபுரம் ஏ.பி. அபூபக்கர் முஸ்லியார், தமக்குத் தெரிந்த ஏமன் நாட்டு மார்க்க அறிஞர் ஹபீப் உமர் மூலமாகப் பேசத் தொடங்கினார். கிறிஸ்தவப் பெண்ணுக்காக ஒரு முஸ்லிம் பெரியவர் தூது போனார்!

குறித்த நாளுக்கு முதல் நாள் தண்டனை தள்ளி வைக்கப்பட்டது.

ஆனால் இறந்தவரின் சகோதரர், "நாங்கள் மன்னிக்க மாட்டோம்" என்று வெளிப்படையாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? இறந்தது அவர் உடன் பிறந்தவர். மன்னிப்பைக் கேட்கலாம், கெஞ்சலாம். கட்டாயப்படுத்தி வாங்க முடியாது.

கன்னியாஸ்திரீ கற்ற பாடம்

அமெரிக்காவில் லூசியானா ராஜ்யம். ஹெலன் பிரெஜான் என்ற கன்னியாஸ்திரீ ஏழைகளுக்குத் தொண்டு செய்து வந்தார். 1982-ல் மரண தண்டனைக் கைதி ஒருவனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பாட்ரிக் சோனியர் என்று பெயர். காதலர்களான ஒரு வாலிபனையும் இளம் பெண்ணையும் கொன்ற வழக்கில் சிக்கியவன்.

கடிதம் எழுதியவர் சிறைக்கே போனார். அவனுக்கு ஞான வழிகாட்டி ஆனார். 1984 ஏப்ரல் 5-ந் தேதி மின்சார நாற்காலியில் அவன் உயிர் போனபோது, கண் எதிரே இருந்தார்.

அன்று முதல் அவருடைய வாழ்க்கையே மாறியது. ஊர் ஊராகப் போய் மரண தண்டனைக்கு எதிராகப் பேசினார். 1993-ல் தம் அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். அது 1995-ல் சினிமாவாக வந்தது. அவர் வேடத்தில் நடித்த சூசன் சரண்டன் ஆஸ்கார் பரிசு பெற்றார்.

ஆனால் அந்தச் சகோதரி தம்மிடம் இருந்த ஒரு பெரிய குறையையும் ஊரறியச் சொன்னார். ஆரம்பத்தில் அவர் கைதியை மட்டுமே பார்க்கப் போனார். கொல்லப்பட்டவர்களின் வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் மனம் புண்பட்டது. கொல்லப்பட்ட வாலிபனின் தந்தை, "எங்களை வந்து பார்க்கவே இல்லையே!" என்று கேட்டார். சகோதரி தலை குனிந்தார். பிறகு அந்தத் தந்தையும் அவரும் சேர்ந்து ஜெபம் செய்தார்கள். கொலையுண்டவர்களின் குடும்பங்களுக்காக ஒரு சங்கத்தையும் சகோதரி தொடங்கினார்.

கருணை பேசுகிறவர்கள் எல்லோரும் நெஞ்சில் எழுதி வைக்க வேண்டிய பாடம் இது. ஜெயிலுக்குப் போகும் கால்கள், இழவு வீட்டுக்கும் போக வேண்டும்.

போப் ஆண்டவர் கேட்ட பிச்சை

1999 ஜனவரி. போப் இரண்டாம் ஜான் பால் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகருக்கு வந்தார். அந்த மாகாணத்தில் டாரெல் மீஸ் என்ற கைதியின் தண்டனை நிறைவேற வேண்டிய நாள், போப் வருகைக்காகச் சில நாள் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. மீஸ் 3 பேரைக் கொன்றவன்.

தேவாலயத்தில் வழிபாடு முடிந்ததும் போப் ஆண்டவர் கவர்னரிடம் வந்தார். "திரு. மீஸ் மீது இரக்கம் காட்டுங்கள்" என்று நேரில் கேட்டார்.

கவர்னர் மெல் கார்னஹான் கத்தோலிக்கர் அல்ல. வேறு சபையைச் சேர்ந்தவர். மரண தண்டனையை ஆதரிப்பவர். ஆனாலும் முதியவர் கேட்டதைத் தட்ட முடியவில்லை. மறுநாளே மரண தண்டனையை ஆயுள் சிறையாக மாற்றினார்.

இழந்தவர்களே கேட்டபோது...

வெளியில் இருப்பவர் கருணை கேட்பது எளிது. இழந்தவரே கேட்டால்?

மகாத்மா காந்தியைச் சுட்டுக் கொன்ற கோட்சேக்கும், கூட்டாளி ஆப்தேக்கும் தூக்குத் தண்டனை. மகாத்மாவின் புதல்வர்கள் மணிலாலும் ராமதாசும், "அவர்களைக் கொல்லாதீர்கள். எங்கள் தந்தை இதை விரும்ப மாட்டார்" என்ற எண்ணத்தில் சர்க்காரிடம் கருணை கேட்டார்கள். சர்க்கார் கேட்கவில்லை. 1949 நவம்பர் 15-ந் தேதி அம்பாலா ஜெயிலில் இருவரும் தூக்கில் இடப்பட்டார்கள்.

ஒரிசாவில் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்த ஆஸ்திரேலியப் பாதிரியார் கிரகாம் ஸ்டெயின்ஸ். 1999 ஜனவரியில் மனோகர்பூர் கிராமத்தில், வண்டிக்குள் தூங்கிக் கொண்டிருந்த அவரையும், பிலிப், திமோத்தி என்ற 2 சின்னஞ்சிறு மகன்களையும் ஒரு கும்பல் உயிரோடு கொளுத்தியது.

மனைவி கிளாடிஸ் அம்மையார் என்ன சொன்னார்? "அவர்களை மன்னித்துவிட்டேன்." தண்டனை கொடுப்பது சட்டத்தின் வேலை, மன்னிப்பது தம் வேலை என்று பிரித்துச் சொன்னார். ஊருக்கு ஓடிவிடவில்லை. மகளுடன் அங்கேயே தங்கித் தொழுநோயாளிகளின் புண்ணைக் கழுவினார். 2005-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

முதல் குற்றவாளிக்கு விதித்த தூக்குத் தண்டனையை ஒரிசா ஐகோர்ட்டு 2005-ல் ஆயுளாகக் குறைத்தது. 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அதை ஒப்புக் கொண்டது. அந்தத் தீர்ப்பைச் சொன்ன இருவரில் ஒருவர், நம் காவிரிக் கரைக்காரர் சதாசிவம்தான்!

ராஜீவ் வழக்கிலும் இப்படி ஒன்று நடந்தது. தூக்குத் தண்டனை பெற்ற நளினி ஒரு பெண் குழந்தையின் தாய். அவருடைய உயிரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டவர் யார்? கணவரைப் பறிகொடுத்த சோனியா காந்தி! தமிழக மந்திரி சபை சிபாரிசு செய்தது. 2000 ஏப்ரலில் கவர்னர் பாத்திமா பீவி தண்டனையைக் குறைத்தார்.

ஆனால் எல்லோரும் சோனியா காந்தி ஆக வேண்டும் என்று சட்டம் போட முடியாது. டெல்லியில் 2012-ல் பஸ்சில் சீரழித்துக் கொல்லப்பட்ட மாணவியின் தாயிடம், "சோனியாவைப் போல மன்னித்து விடுங்கள்" என்று ஒரு வக்கீல் கேட்டார். தாய் சீறினார். "எனக்கு யோசனை சொல்ல நீங்கள் யார்?" என்று கேட்டார். 2020 மார்ச் 20-ந் தேதி திகார் ஜெயிலில் 4 பேர் தூக்கில் தொங்கினார்கள். அந்தத் தாயின் கண்ணீரும் தர்மம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் எல்லாக் கொலைக்கும் தூக்கு கிடையாது. "அரிதிலும் அரிதான வழக்கில்தான் கொடுக்க வேண்டும்" என்று 1980-ல் சுப்ரீம் கோர்ட்டு வரையறுத்தது.

அதற்கு மேலும் கருணைக்கு வழி உண்டு. அரசியல் சட்டத்தின் 72-வது பிரிவு ஜனாதிபதிக்கும், 161-வது பிரிவு கவர்னருக்கும் மன்னிக்கும் அதிகாரம் தருகிறது. சட்டம் எழுதியவர்கள், "கோர்ட்டுக்கும் தவறு நேரலாம், நீதிக்கு மேலே கருணை என்று ஒன்று உண்டு" என்று நினைத்திருக்கிறார்கள்.

2015 ஆகஸ்டில் நீதிபதி ஏ.பி.ஷா தலைமையிலான சட்டக் கமிஷன், பயங்கரவாதக் குற்றங்களைத் தவிர மற்றவற்றுக்குத் தூக்குத் தண்டனையை எடுத்துவிடலாம் என்று சிபாரிசு செய்தது. அந்தச் சிபாரிசு சட்டம் ஆகவில்லை. 2024 ஜூலை 1-ந் தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்திலும் மரண தண்டனை இருக்கிறது.

நமது சேலம் மத்திய சிறையில் 1995 ஏப்ரலில் ஆட்டோ சங்கர் தூக்கில் போடப்பட்டான். தமிழ்நாட்டில் கடைசியாக நடந்த தூக்கு அதுதான்.

தப்பவிடச் சொல்லவில்லை

மதப் பெரியவர்கள் கேட்பதைச் சிலர் தவறாக நினைக்கிறார்கள். "கொலைகாரனை அவிழ்த்து விடச் சொல்கிறார்களா?" என்று கேட்கிறார்கள். இல்லை. அடைத்து வையுங்கள், ஊரைக் காப்பாற்றுங்கள், ஆனால் உயிரை எடுக்காதீர்கள் என்றுதான் கேட்கிறார்கள். மனம் திருந்த அவனுக்கும், பிழை இருந்தால் திருத்திக் கொள்ள நமக்கும் ஒரு வாய்ப்பை விட்டு வையுங்கள் என்கிறார்கள்.

அத்துடன் அவர்கள் செய்ய வேண்டிய வேலை இன்னொன்றும் உண்டு. கொலையுண்டவர் வீட்டில் அடுப்பு எரிகிறதா? பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா? அந்தத் தாய் இரவில் தூங்குகிறாளா? கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் முதலில் அந்த வாசலில் போய் நிற்க வேண்டும்.

அங்கே கண்ணீரைத் துடைத்த கைதான், ஜனாதிபதிக்குக் கருணை மனு எழுதத் தகுதியுள்ள கை. அந்தக் கை எழுதினால், இழந்தவர்களும் ஒருநாள் அதில் கையெழுத்துப் போடக்கூடும்!